ஃபேட் அனிமேஷன்: ஆல்ஃபாவைக் கழிப்பதா, நேரத்தைக் கூட்டுவதா?

நான் எழுதிய கணினி ஆட்டத்தில் ஒரு காட்சி இரண்டு வினாடியில் மங்கி மறைய வேண்டும் (இதைத்தான் ஃபேட் என்கிறோம்), அவ்வளவுதான். வினாடிக்கு 60 முறை படம் மாறும் என் 60 ஹெர்ட்ஸ் திரையில் சரியாக மறைந்தது. நண்பரின் 144 ஹெர்ட்ஸ் திரையிலோ மங்கவே இல்லை. வேகமாக மங்கியிருந்தால் காரணம் உடனே பிடிபட்டிருக்கும். அப்படியே நின்றதுதான் குழப்பியது. அந்தப் பிழையைத் தேடிப் போய்த்தான் ஃபேட் எழுதும் முறையையே மாற்றிக்கொண்டேன்.

ஆல்ஃபா என்பது காட்சி எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்ற அளவு; 0 என்றால் முழுவதும் மறைந்தது. அதை 1இல் தொடங்கி, ஒவ்வொரு ஃப்ரேமிலும் (திரையில் வரும் ஒவ்வொரு படத்திலும்) 0.02 கழிக்கும் பழைய வழக்கத்தை விட்டுவிடலாம். மறைய 50 ஃப்ரேம் ஆகும். அது 30 எஃப்பிஎஸ்ஸில் (வினாடிக்கு 30 ஃப்ரேம்) 1.67 வினாடி, 144இல் 0.35 வினாடி.

நான் எழுதியிருந்தது அதற்கு அடுத்த படி: மங்கும் வேகத்தை டெல்டாவால், அதாவது முந்தைய ஃப்ரேமிலிருந்து ஆன நேரத்தால் பெருக்கி, ஆல்ஃபாவில் கழிப்பது. கணக்கு சரிதான். ஆனால் என் ஆல்ஃபா 0 முதல் 255 வரையிலான முழு எண். 60 எஃப்பிஎஸ்ஸில் கழிக்க வேண்டியது 2.125, பின்னம் வெட்டுப்பட்டு 2 ஆகும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. 144இல் அது 0.885, வெட்டினால் பூஜ்யம். ஃப்ரேம் எத்தனை ஓடினாலும் பூஜ்யத்தைத்தான் கழித்துக்கொண்டிருந்தது.

ஆல்ஃபாவைத் தசமமாக வைத்தால் இது தீரும். ஆனாலும் நான் நேரத்தைக் கூட்டும் முறைக்கே மாறினேன். அதில் சேமிப்பது ஆல்ஃபாவை அல்ல, ஃபேட் தொடங்கியதிலிருந்து கழிந்த நேரத்தை. ஒவ்வொரு ஃப்ரேமிலும் டெல்டாவை அதில் கூட்டி, மொத்த நேரத்தால் வகுத்து வரும் விகிதத்தை 0க்கும் 1க்கும் இடையில் நிறுத்தி, ஆல்ஃபாவைப் புதிதாகக் கணக்கிடுகிறோம். வெட்டுப்பட்ட பின்னம் அடுத்த ஃப்ரேமுக்குத் தொடராது.

எனக்கு முடிவைத் தந்தது பராமரிப்பு. நேர்கோட்டில் மங்குவது பிடிக்கவில்லை, மெல்லத் தொடங்கி மெல்ல முடியட்டும் என்றால், அந்த விகிதத்தை ஒரு வளைவுக்குள் செலுத்தினால் போதும், ஒரே வரி. கழிக்கும் முறையில் ஒவ்வொரு கணத்துக்கும் வளைவின் சரிவைக் கணக்கிட வேண்டியிருக்கும். பாதி மங்கியபோது ஆட்டக்காரர் மனம் மாறித் திரும்பினால்? கழிந்த நேரத்தைக் கூட்டாமல் குறைக்கத் தொடங்கினால், வந்த வழியிலேயே குதிக்காமல் திரும்பும். ஒலியையும் மங்கவைக்க வேண்டுமென்றால் அதே விகிதத்தைக் கொடுத்துவிடலாம், இரண்டும் ஒரே கணத்தில் முடியும். ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் கோட் புரிகிறது.

சிலர் ஃபேட் தொடங்கிய கடிகார நேரத்தைக் குறித்துவைத்து, இப்போதைய நேரத்திலிருந்து அதைக் கழிப்பார்கள். அதுவும் நல்ல வழிதான். ஆனால் பாஸ் செய்த (ஆட்டத்தை இடையில் நிறுத்திவைத்த) நேரத்தைத் தனியே கழிக்க வேண்டும். அந்த நேரம் 32 பிட் தசமமாக இருந்தால் நீண்ட ஓட்டத்தில் நுட்பமும் குறையும்: ஏறத்தாழ 36 மணி நேரத்துக்குப் பிறகு 0.016 வினாடிக்கும் சிறிய இடைவெளி அதில் பதியாது.

லெர்ப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது: இப்போதைய மதிப்பை இலக்கை நோக்கி ஒரு பங்கு நகர்த்துவது அது. ஃப்ரேமுக்கு மீதித் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு இலக்கை நெருங்குவது பார்க்க அழகு. ஆனால் ஒரு வினாடிக்குப் பின் 60இல் 0.18 சதவீதமும் 30இல் 4 சதவீதத்துக்கு மேலும் மிஞ்சும். வேகத்தை டெல்டாவால் வெறுமனே பெருக்கினால் ஓரளவே சரியாகும். ஒரு ஃப்ரேமில் மிஞ்சும் பங்கான 0.9ஐ டெல்டா × 60 என்ற அடுக்குக்கு உயர்த்தினால்தான் மிஞ்சும் பங்கு எல்லா வேகத்திலும் ஒன்றாகும். இலக்கு நகர்ந்துகொண்டே இருக்கும் இடத்தில், உதாரணமாகச் சுட்டி பட்டால் ஒளிரும் பொத்தானில், நான் இன்றும் லெர்ப்தான் வைக்கிறேன். ஆனால் ‘சரியாக இரண்டு வினாடி’ என்று அதனிடம் கேட்க முடியாது.

என் முறைக்கும் ஒரு கவனம் தேவை. பெரிய காட்சி லோடானதும் வரும் முதல் டெல்டா மிக நீளமாக இருந்தால், ஃபேட் கண்ணில் படும் முன்பே முடிந்துவிடும். அதனால் அந்த முதல் டெல்டாவைச் சேர்ப்பதில்லை; மற்றவற்றுக்கு 0.1 வினாடி உச்சவரம்பு. இதெல்லாம் ஒருவர் ஆடும் சிறு ஆட்டங்களில் பார்த்தது. நெட்வொர்க் வழியே இருவர் திரையும் ஒன்றாக மங்க வேண்டிய ஆட்டத்தை நான் எழுதியதில்லை. யூனிட்டி என்ற ஆட்ட எஞ்சினில் டைம்ஸ்கேலை (ஆட்ட நேரம் ஓடும் வேகத்தை) 0 ஆக்கிப் பாஸ் செய்தால் டெல்டாடைமும் 0 ஆகும். அதனால் பாஸ் மெனுவின் ஃபேடுக்கு மட்டும் டைம்ஸ்கேல் பாதிக்காத அன்ஸ்கேல்டு டெல்டாடைமைக் கொடுக்கிறேன்.