வாலிபால் கணக்கு எழுத எது நல்லது: நோட்டா, ஆப்பா, டேட்டா வாலியா, ஓபன்வாலியா?

போன ஓணத்துக்கு நடந்த மின்னொளிப் போட்டியில் அரையிறுதியில் தோற்று வந்தோம். ஊர் முழுக்க ஒரே பேச்சு: லிபரோ (பின்வரிசையில் பந்தெடுக்கவே நிற்கிற ஆட்டக்காரர்) பாஸ் எடுக்கவில்லை, அதாவது எதிரணி சர்வீஸை ஒழுங்காக எடுத்துக் கொடுக்கவில்லை. அந்தப் பையனுக்கு 19 வயது. இரண்டு நாள் கோர்ட் பக்கமே தலைகாட்டவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி அந்த ஆட்டத்தின் வீடியோவை லேப்டாப்பில் ஓட்டி, ஒவ்வொரு தொடுகையாகப் பதிந்து முடித்தேன். அவன் பாஸில் பெரிய குறை இல்லை. பாயிண்ட் கொத்துக் கொத்தாகப் போனது, ஆறு பேரும் முறைவைத்து இடம் மாறுகிற ஆறு சுழற்சிகளில் ஒரே ஒன்றில்தான்: எங்கள் செட்டர் (அடிக்கிறவருக்குப் பந்து தூக்கிக் கொடுப்பவர்) ஒன்றாம் இடத்தில், அதாவது பின்வரிசை வலது மூலையில், நிற்கும்போது.

ஒரே செட்டரை வைத்து ஆடும் எந்த அணிக்கும் இந்தச் சுழற்சி கொஞ்சம் இடைஞ்சல்தான். வழக்கமாக வலப்பக்கம் அடிக்கிற ஆப்போசிட் ஆட்டக்காரர் நான்காம் இடத்தில் (முன்வரிசை இடப்பக்கம்) மாட்டிக்கொள்வார், இடப்பக்கம் அடிக்கிற அவுட்சைட் ஆட்டக்காரர் இரண்டாம் இடத்தில் (முன்வரிசை வலப்பக்கம்) நிற்பார். எதிரணி சர்வீஸ் அடிக்கும்வரை அந்த ஒழுங்கைக் கலைக்கக் கூடாது. அடித்த பிறகு மாறலாம் என்றாலும், பாஸ் எடுக்க நிற்கிற ஆளுக்கு ஓடிப்போய் இடம் மாற நேரம் ஏது? அதனால் முதல் அடியை இரண்டு பேரும் பழக்கமில்லாத பக்கத்திலிருந்து அடிப்பார்கள். எங்கள் ஆப்போசிட் இடக்கைக்காரன். வலப்பக்கம் அவன் ராஜா. இடப்பக்கம் போனால் பந்து நெட்டில் போகும், இல்லை பிளாக்கில் மாட்டும். இது கண்ணுக்குத் தெரியவில்லை, கணக்கில் தெரிந்தது. அதற்கடுத்த போட்டியிலிருந்து செட்டரை ஆறாம் இடத்தில் நிறுத்தித் தொடங்குகிறோம். சுழற்சி 6, 5, 4, 3, 2, 1 என்று இறங்கும் என்பதால், அப்போதுதான் அந்தச் சுழற்சி கடைசியாக வரும். வந்தாலும் நடுவில் குயிக் (தாழ்வாக, வேகமாக அடிக்கத் தரும் பந்து) கொடுக்கச் சொல்லியிருக்கிறோம்.

இதைக் கேள்விப்பட்டு முட்டம், மணவாளக்குறிச்சி, கருங்கல் பக்கத்து அணிக்காரர்கள் சிலர் என்ன மென்பொருள் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். நான்கு வழியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றில் நிற்கிறேன். நிற்கிற இடம் ஓபன்வாலி. அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதப்போகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் நோட்டு. 80 பக்க நோட்டும் ஒரு பேனாவும் போதும். சர்வீஸ், பாஸ் இரண்டை மட்டும் எழுத இதைவிட நல்லது இல்லை. பாஸுக்கு 3, 2, 1, 0 என்று மார்க் போடுகிறோம். செட்டர் நின்ற இடத்திலேயே கைக்கு வந்தால் 3, நேராக எதிரணிக்குப் பாயிண்ட் ஆனால் 0. செட் முடிந்ததும் கூட்டி வகுத்தால் சராசரி வந்துவிடும். ஆடி மாதக் காற்றில் கடல் பக்கத்து முனையிலிருந்து அடித்த சர்வீஸ் எத்தனை வெளியே போனது என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம். இன்றைக்கும் பெஞ்சில் என் கையில் இருப்பது நோட்டுதான். ஆனால் சுழற்சிவாரியாக, யாருடைய பாஸில் யார் அடித்தது என்று தேட ஆரம்பித்தால் நோட்டு கை விரித்துவிடும். எக்செலில் ஏற்றலாம். ஏற்றிய ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் தோள் வலிக்கிறது.

அடுத்து, டேப்லெட்டிலும் போனிலும் தட்டுகிற ஆப்கள். திரையில் ஆறு பேர் பெயர் இருக்கும். ஆளைத் தொட்டு, என்ன செய்தான் என்று தொட்டால் முடிந்தது. இதன் பெரிய வசதி உடனே கிடைப்பது. டைம் அவுட்டுக்கு இருப்பது 30 விநாடி. அந்த 30 விநாடிக்குள் "அந்த நாலாம் நம்பருக்கே சர்வீஸ் அடி மக்கா, மூணு பாஸ் விட்டுட்டான்" என்று சொல்ல முடிவது சின்ன விஷயமில்லை. பள்ளி அணிக்கு, முதல் வருஷம் கணக்கு எழுதுகிறவருக்கு, நான் இதைத்தான் சொல்வேன். நாங்களும் இரண்டு சீசன் இதில்தான் எழுதினோம். அதில் என்ன ஆயிற்று என்பதைக் கீழே சொல்கிறேன், அதுதான் முக்கியம்.

மூன்றாவது டேட்டா வாலி. இத்தாலியின் டேட்டா புராஜெக்ட் நிறுவனத்துடையது. உலகத்தில் பல பெரிய லீக்குகளும் தேசிய அணிகளும் இதை வைத்திருக்கின்றன. நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கில் வெளியூர் அணியோடு வந்திருந்த ஓர் அனலிஸ்ட் பக்கத்தில் ஒரு முழு ஆட்டமும் உட்கார்ந்து பார்த்தேன். அவர் கீபோர்டைப் பார்க்கவே இல்லை. கண் கோர்ட்டில், விரல் தட்டிக்கொண்டே இருக்கிறது. ஆட்டக்காரர் எண், அப்புறம் செயலுக்கு ஓர் எழுத்து: சர்வீஸுக்கு எஸ், ரிசப்ஷனுக்கு (சர்வீஸை எடுக்கும் பாஸ்) ஆர், தூக்கிக் கொடுக்கும் செட்டுக்கு ஈ, அட்டாக்குக்கு ஏ, பிளாக்குக்கு பி, எதிரணி அடியை விழாமல் எடுக்கும் டிக்குக்கு டி. கடைசியில் தரத்துக்கு ஒரு குறி. # என்றால் உச்சம், = என்றால் தப்பு, நடுவில் +, !, -, / என்று படிப்படியாக இறங்கும். கோர்ட்டை ஒன்பது கட்டமாகப் பிரித்து, எங்கிருந்து எங்கே போனது என்பதையும் எண்ணால் அடிக்கிறார். ஒரு ராலி (சர்வீஸிலிருந்து பாயிண்ட் விழும்வரை) முடிவதற்குள் அந்த ராலி முழுக்க ஏறிவிடுகிறது. அந்த வேகம் வர மாதக்கணக்கில் கை பழக வேண்டும். விண்டோஸ் லேப்டாப் வேண்டும், வருஷா வருஷம் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். ஜெர்சிக்கே ஊரில் பிரிவு எடுக்கிற அணிக்கு அது எட்டாது. நான் பார்த்ததுதான், சொந்தமாக வாங்கி ஓட்டியதில்லை. பணமும் முழுநேர ஆளும் இருக்கிற கல்லூரி அணியோ துறை அணியோ என்றால் வேறு யோசனையே வேண்டாம், இதை வாங்கலாம்.

நான்காவதுதான் நாங்கள் வைத்திருப்பது. ஓபன்வாலி என்பது ஒரு தனி மென்பொருள் இல்லை, ஆர் என்ற புள்ளியியல் மொழியில் எழுதி இலவசமாகத் திறந்துவிட்டிருக்கிற கருவிகளின் தொகுப்பு. அதில் ஒன்று டேட்டா வாலியின் கோப்பைப் படித்துப் பிரித்துக் கொடுக்கும். இன்னொன்று, வீடியோவை ஓடவிட்டு, திரையில் கோர்ட்டைச் சொடுக்கிச் சொடுக்கிப் பதிய உதவும். எங்கள் போன் வீடியோ போதுமானதாக இருக்கிறது. எண்ட் லைனுக்குப் பின்னால், டியூப் லைட் கட்டுகிற கம்பத்தில் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் போனைக் கட்டிவிடுகிறோம். கோர்ட் முழுக்கத் தெரிந்தால் சரி.

கஷ்டமும் சொல்ல வேண்டும். ஆர் மொழியை நிறுவுவது என் வேலையில்லை. தக்கலை பக்கத்தில் இன்ஜினியரிங் படிக்கிற அக்கா மகன் ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து சரிசெய்து கொடுத்தான். "மாமா, இந்த வரியில கோப்பு பேரை மட்டும் மாத்துங்க, மத்ததைத் தொடாதீங்க" என்றான். இன்றுவரை அந்த ஒரு வரியைத்தான் மாற்றுகிறேன். வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இல்லாத அணிக்கு இந்த வழி எவ்வளவு சுலபம் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. இன்னொன்று நேரம். ஒன்றேகால் மணி நேர ஆட்டத்தைப் பதிய எனக்கு மூன்று மணி நேரம் ஆகிறது. ஆட்டத்தின் நடுவில் இது உதவாது, மறுநாளுக்குத்தான்.

பிறகு ஏன் இதில் நிற்கிறேன்?

ஆப்பில் எழுதிய அந்த இரண்டு சீசன் கதைக்கு வருகிறேன். பெயர் வேண்டாம், நல்ல ஆப்தான். தட்டியது எங்கள் அணியில் ஆடி முழங்கால் போன ஒரு தம்பி. அவனுடைய போன், அவனுடைய கணக்கு, அவனுடைய பாஸ்வேர்ட். எங்கள் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் நடப்பதுபோல ஒருநாள் விசா வந்தது, மஸ்கட் போனான். போன் மாறியது, நம்பர் மாறியது, பழைய கணக்குக்குள் நுழைய முடியவில்லை. சந்தாவும் முடிந்திருந்தது. 41 ஆட்டத்தின் கணக்கு உள்ளே இருந்தது. கையில் மிஞ்சியது வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த நாலைந்து பிடிஎஃப். அதில் மொத்தம் மட்டும் இருக்கும்: இவன் இத்தனை அடித்தான், இத்தனை விட்டான். எந்தச் சுழற்சியில், யாருடைய பாஸுக்கு, எந்தக் கட்டத்தை நோக்கி என்பது எதுவும் இல்லை. மொத்தத்தைப் பிரித்து மறுபடி ராலியாக்க யாராலும் முடியாது.

எங்கள் மாவட்டக் கடற்கரையில் அணி நடத்துகிறவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. ஒருவன் வளைகுடா போவான், ஒருவன் தங்கல் தொழிலுக்கு ஆழ்கடல் போனால் வர வாரக்கணக்கில் ஆகும், ஒருவனுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைக்கும். கணக்கு எழுதுகிற ஆள் மாறிக்கொண்டேதான் இருப்பான். ஆகவே மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது நான் கேட்கிற முதல் கேள்வி அழகான வரைபடம் வருமா என்பதில்லை. ஆள் போனால் கணக்கு நிற்குமா?

டேட்டா வாலி கோப்பு அதன் உள்ளே வெறும் எழுத்துதான். நோட்பேடில் திறந்தால் மேலே போட்டி விவரம், அணிகள், ஆட்டக்காரர் பட்டியல், கீழே ஒவ்வொரு தொடுகைக்கும் ஒரு வரி. மென்பொருளே இல்லாவிட்டாலும் குறி தெரிந்தவர் வாசித்துவிடலாம். ஓபன்வாலியில் நாங்கள் பதிவதையும் அதே வடிவக் கோப்பாக எடுத்து வைக்கிறோம். நாளை யாராவது உதவி செய்து எங்களுக்கு டேட்டா வாலியே கிடைத்தாலும் பழைய கணக்கைத் தூக்கிப்போட வேண்டாம். எங்கள் பையன் ஒருவன் பெரிய அணிக்குத் தேர்வானால், அங்குள்ள அனலிஸ்ட்டிடம் அவன் ஆடிய ஆட்டங்களின் கோப்பைக் கொடுத்துவிடலாம். இரண்டு பேரும் பேசுவது ஒரே குறிமொழி. சந்தா, பாஸ்வேர்ட் எதுவும் குறுக்கே வராது.

ஆள் மாறும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. ஒருவர் கண்ணுக்கு + ஆகத் தெரிகிற பாஸ், இன்னொருவர் கண்ணுக்கு ! ஆகத் தெரியும். அப்படியிருந்தால் இரண்டு சீசனை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. அதனால் ஓர் அட்டையில் எழுதி லேப்டாப் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். செட்டர் நகராமல் நாலு பேரில் யாருக்கும் கொடுக்கலாம் என்றால் #. இரண்டெட்டு வைத்தும் நடுவில் குயிக் கொடுக்க முடிந்தால் +. நடுவை மறந்துவிட வேண்டும் என்றால் !. உயரத் தூக்கிப் போடுவதைத் தவிர வழியில்லை என்றால் -. நெட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டால் /. புதிதாக வந்த தம்பி இந்த அட்டையை வைத்தே இரண்டு வாரத்தில் கைக்கு வந்துவிட்டான். அவனும் நானும் ஒரே செட்டைத் தனித்தனியாகப் பதிந்து பார்த்தோம், வித்தியாசம் மிகக் கொஞ்சம்.

கணக்கைப் பார்க்கும் விதத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். ஊரில் ஒருவனை நல்ல அடிகாரன் என்று சொல்வது அவன் எத்தனை அடித்து இறக்கினான் என்பதை வைத்துத்தான். ஒருவன் 30 பந்து அடித்து 14 பாயிண்ட் எடுக்கிறான், 5 வெளியே, 3 பிளாக்கில் என்று வைத்துக்கொள்வோம். இன்னொருவன் 20 அடித்து 8 பாயிண்ட், 1 தப்பு. கைதட்டு முதல் ஆளுக்குத்தான். பாயிண்டிலிருந்து தப்பையும் பிளாக்கையும் கழித்து, மொத்த அடியால் வகுத்தால் முதல் ஆளுக்கு 0.20, இரண்டாமவனுக்கு 0.35. இந்த ஒரு வரியை நோட்டிலேயே போடலாம்தான். ஆனால் அதையே நல்ல பாஸுக்கு எவ்வளவு, கெட்ட பாஸுக்கு எவ்வளவு, சுழற்சிவாரியாக எவ்வளவு என்று பிரித்துக் காட்டும்போதுதான் மென்பொருளின் அருமை தெரியும். பையன்களுக்கு நான் அட்டவணை காட்டுவதில்லை. கோர்ட் படத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டும் பக்கத்தை மட்டும் டிவியில் போடுகிறேன். "எல்லா அடியும் அஞ்சாம் இடத்துக்கே போயிருக்கே அண்ணா" என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

வீடியோவை ஏற்றினால் தானே பிரித்துக் கொடுக்கும் செயற்கை நுண்ணறிவு வகையையும் சிலர் கேட்டார்கள். இரண்டு வீடியோவுக்குத்தான் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், அதனால் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு அனுபவம் இல்லை. ராலிகளை வெட்டிக் கொடுத்தது அருமையாக இருந்தது, அந்த வேலை மிச்சம். ஆனால் எங்கள் வெளிச்சத்தில், கோட்டை ஒட்டிக் கூட்டம் நிற்கிற கோர்ட்டில், யார் தொட்டது என்பதில் நிறையத் திருத்த வேண்டியிருந்தது. உள்ளரங்கில் ஆடுகிறவர்களுக்கு வேறு மாதிரி அமையலாம். அதிலும் நான் பார்ப்பது கணக்கு கோப்பாக என் கைக்கு வருமா என்பதைத்தான். பெண்கள் அணிக்கும் நான் எழுதிப் பார்த்ததில்லை. ராலி நீளும் ஆட்டம் என்பதால் பதிய நேரம் கூடுதலாகும் என்று நினைக்கிறேன்.

இப்போது பதிகிற தம்பியும் பாஸ்போர்ட் எடுத்துவிட்டான். அதனால் ஞாயிறு சாயங்காலம் அவன் பக்கத்தில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனை உட்கார வைத்திருக்கிறோம். அவன் இப்போதைக்குச் சர்வீஸும் ரிசப்ஷனும் மட்டும் பதிகிறான். 27 ஆட்டத்தின் கோப்பு இரண்டு பென்டிரைவில் இருக்கிறது. ஒன்று என் வீட்டில், இன்னொன்று கிளப் அலமாரியில், கோப்பைகளுக்குப் பின்னால். அந்த லிபரோ பையன்தான் அலமாரிச் சாவியை வைத்திருக்கிறான்.