பழைய எச்61 மதர்போர்டுக்கு எந்த கிராஃபிக்ஸ் கார்டு பொருந்தும்? நான்கு கார்டுகளின் ஒப்பீடு

இன்டெல் 2011-இல் கொண்டுவந்த எச்61 சிப்செட்டுக்கு (மதர்போர்டில் பாகங்களை இணைத்து நிர்வகிக்கும் சிப்) இன்னும் ஆயுள் முடியவில்லை. அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகளாகச் சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் அவை கிடைப்பது ஒருபுறம் இருக்க, சிறு நிறுவனங்கள் அதே சிப்செட்டை வைத்துப் புதிய மதர்போர்டுகளையே இன்றும் செய்து விற்கின்றன. இத்தகைய கணினியில் ஒரு கிராஃபிக்ஸ் கார்டைச் சேர்க்க விரும்புபவருக்குப் பெரும்பாலும் நான்கு பெயர்கள் சொல்லப்படுகின்றன: என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1650 (2019), ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வடிவம் (2024), ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி (2022), இன்டெலின் ஆர்க் ஏ380 (2022). நான்கும் அதே நீளமான ஸ்லாட்டில் சரியாக உட்காரும் என்பதால், எது புதிதோ அதுவே மேல் என்று எண்ணத் தோன்றும். பழைய மதர்போர்டுப் பலகையைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு தவறிவிடுகிறது.

அந்த ஸ்லாட்டில் உள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பு, கார்டும் பலகையும் பேசி முடிவு செய்துகொள்ளும் ஓர் ஏற்பாடு. இரண்டில் எது பழைய தலைமுறையோ அதன் வேகத்திற்கு மற்றது இறங்கி வரும். இரண்டாம் தலைமுறையில் ஒரு லேன் (தரவு செல்லும் ஒரு தடம்) நொடிக்கு 500 எம்பி கடத்தும். மூன்றாம் தலைமுறையில் ஏறக்குறைய 985 எம்பி. நான்காம் தலைமுறையில் அதைப் போல இருமடங்கு. ஆகவே தலைமுறை மட்டுமல்லாமல், கார்டில் எத்தனை லேன்கள் இணைக்கப்பட்டுள்ளன என்பதும் சேர்ந்தே வேகத்தைத் தீர்மானிக்கிறது. சிக்கல் தொடங்கும் இடம் இதுதான்: புதிய தலைமுறையின் லேன் வேகம் கூடிவிட்டதால், விலை குறைந்த கார்டுகளில் லேன்களின் எண்ணிக்கையை உற்பத்தியாளர்கள் குறைத்துவிட்டார்கள்.

6500 எக்ஸ்டி இதற்குச் சரியான உதாரணம். மடிக்கணினிக்கென வடிவமைத்த சிப்பை மேசைக்கணினிக்குக் கொண்டுவந்ததால், அதில் இருப்பவை நான்கே லேன்கள். நான்காம் தலைமுறைப் பலகையில் அவை நொடிக்குச் சுமார் 8 ஜிபி தரும்; இரண்டாம் தலைமுறைப் பலகையில் அதே கார்டுக்குக் கிடைப்பது 2 ஜிபி மட்டுமே. 16 லேன்களைக் கொண்ட, அதைவிட மூன்று ஆண்டு பழைய 1650, அதே பலகையில் 8 ஜிபி பெறுகிறது. இரண்டிலும் நினைவகம் 4 ஜிபிதான் என்பதால், விளையாட்டின் காட்சிக் கோப்புகள் அந்த அளவைத் தாண்டும்போதெல்லாம் மீதியைக் கணினியின் ரேமிலிருந்து இந்த இணைப்பு வழியாகவே இழுக்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் 6500 எக்ஸ்டி திக்கித் திணறும். நினைவகத்துக்குள் அடங்கும் பழைய விளையாட்டுகளில் அது 1650-ஐ முந்தவும் கூடும் என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் காணொளியைப் பதிவு செய்வதற்கான என்கோடரோ, ஏவி1 என்ற புதிய சுருக்க முறையில் வரும் காணொளியை விரிக்கும் வசதியோ அதில் இல்லை. பழைய பிராசசரின் சுமையைக் குறைக்கத்தான் கார்டே வாங்குகிறோம். அந்தச் சுமையைப் பிராசசரிடமே திருப்பிக் கொடுக்கும் கார்டை எச்61 வைத்திருப்பவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். எச்61 பலகையின் நீண்ட ஸ்லாட் நேரடியாகப் பிராசசருடன் இணைந்திருப்பதால், அதன் தலைமுறையைப் பிராசசரே பெருமளவு முடிவு செய்கிறது. ஐ5-2400 போன்ற, இன்டெலின் சாண்டி பிரிட்ஜ் வரிசைப் பிராசசர் இருந்தால் இணைப்பு இரண்டாம் தலைமுறை; அதை எடுத்துவிட்டு அதே சாக்கெட்டில் ஐ5-3470 போன்ற, அதற்கு அடுத்து வந்த ஐவி பிரிட்ஜ் வரிசைப் பிராசசரைப் பொருத்தினால், பலகையும் அதன் பயாஸும் (கணினியை எழுப்பும் அடிப்படை நிரல்) இடம் கொடுக்கும் பட்சத்தில், மூன்றாம் தலைமுறை வேகம் கிடைக்கும். பழைய சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ஒரு பிராசசரை மாற்றுவதால் கார்டின் இணைப்பு ஏறக்குறைய இருமடங்காகிறது என்றால், கார்டைத் தேடுவதற்கு முன்பே அதைச் செய்வது நல்லது.

3050-இன் 6 ஜிபி வடிவத்துக்கு எட்டு லேன்கள் உண்டு. ஐவி பிரிட்ஜ் பொருத்திய பலகையில் அது நொடிக்குச் சுமார் 8 ஜிபி பெறும்; சாண்டி பிரிட்ஜில் 4 ஜிபி. அந்த 4 ஜிபியும் பெரிய குறையாகத் தெரியாது, ஏனெனில் 6 ஜிபி நினைவகம் இருப்பதால் ரேமை நாட வேண்டிய தேவையே குறைகிறது. மின்தேவை 70 வாட் என்பதால், ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள்ளேயே அடங்கித் தனி மின்கம்பி இல்லாமல் இயங்கும். ஏவி1 காணொளியையும் அதுவே விரிக்கும். பெயரில் 3050 என்று இருந்தாலும், 130 வாட் எடுக்கும் 8 ஜிபி வடிவத்தைவிட இது வலுக்குறைந்த வேறொரு கார்டு என்பதை மட்டும் வாங்கும்போது நினைவில் கொள்ள வேண்டும்.

ஆர்க் ஏ380-இன் குணங்களைத் தாளில் படித்தால் ஆசை வரும்: 6 ஜிபி நினைவகம், ஏவி1-இல் பதிவு செய்யும் என்கோடர், எட்டு லேன்கள். ஆனால் ஆர்க் வரிசை ரீசைசபிள் பார் என்ற வசதியை நம்பிக் கட்டப்பட்டது. அந்த வசதி இல்லாத பலகையில் பிராசசர் கார்டின் நினைவகத்தை ஒரு நேரத்தில் 256 எம்பி அளவுள்ள சாளரம் வழியாக மட்டுமே அணுக முடியும். அதனால் விளையாட்டுகளில் வேகம் பெரிதும் சரிகிறது. இன்டெலே பத்தாம் தலைமுறை கோர் பிராசசருக்குக் கீழே இதைப் பரிந்துரைப்பதில்லை. பயாஸைத் திருத்தி எழுதி இந்த வசதியைப் பழைய பலகையில் புகுத்தும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள். அந்த முயற்சி சுவையானதுதான். ஆயினும் வீட்டில் இருப்பது ஒரே கணினி என்றால் அதில் இறங்க வேண்டாம்.

கார்டைப் பொருத்தியும் திரையில் படமே வராமல் போவதற்கு லேன் காரணமல்ல, பெரும்பாலும் பயாஸே காரணம். கணினி எழும் நேரத்தில் படம் காட்ட, பலகை யுஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த புதிய முறை) முறையில் இருந்தால் கார்டிலும் அதற்குரிய நிரல் இருக்க வேண்டும்; பழைய பயாஸ் முறை என்றால் பழைய நிரல் வேண்டும். ஆர்க் கார்டுகளுக்கு யுஇஎஃப்ஐ கட்டாயம். விண்டோஸின் கணினித் தகவல் பக்கத்தில் பயாஸ் முறை லெகசி என்று காட்டுவதை வைத்து, பலகையில் யுஇஎஃப்ஐ இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அது விண்டோஸ் எந்த முறையில் நிறுவப்பட்டது என்பதையே சொல்கிறது. பயாஸ் அமைப்புக்குள் சென்று, யுஇஎஃப்ஐ பூட் தெரிவு உள்ளதா என்று பார்ப்பதே சரியான சோதனை.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 6500 எக்ஸ்டிக்கு 107 வாட் வேண்டும்; ஏ380-இன் பல மாதிரிகளிலும் தனி மின்கம்பிக்கான இணைப்பு இருக்கிறது. அலுவலகக் கணினியின் மின்வழங்கியான எஸ்எம்பிஎஸ்ஸில் அந்தக் கம்பி இருப்பது அரிது. ஹார்ட் டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் சாட்டா கம்பியை மாற்றித் தரும் இணைப்பான்கள் கடையில் கிடைக்கின்றன, ஆனால் சாட்டா இணைப்பு 12 வோல்ட்டில் 54 வாட்டுக்கு மேல் தாங்கும்படி வடிவமைக்கப்படவில்லை. சூடேறி உருகும் அபாயம் உண்டு.

எனவே யுஇஎஃப்ஐயும் ஐவி பிரிட்ஜும் இருந்தால் என் தேர்வு 6 ஜிபி 3050. சாண்டி பிரிட்ஜோடு இருப்பவர், அல்லது பணத்தை மிச்சம் பிடிக்க விரும்புபவர், தனி மின்கம்பி தேவைப்படாத பழைய 1650 ஒன்றைத் தேடலாம். அதைவிட மலிவாக, இன்னும் பழைய கார்டான 1050 டிஐ கிடைக்கும், ஆனால் அதன் தலைமுறைக்கான வழக்கமான டிரைவர் புதுப்பிப்புகளை என்விடியா 2025-இல் நிறுத்திவிட்டது. இனி பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வரும்.

கார்டோடு சேர்த்து இன்னொரு சிறு செலவும் வரக்கூடும். எச்61 காலத்து மானிட்டர்கள் பல விஜிஏ மட்டுமே கொண்டவை. இந்த நான்கு கார்டுகளில் எதிலும் அனலாக் சமிக்ஞை வெளிவருவதில்லை. வெறும் கம்பி போதாது, உள்ளே சிப் வைத்த எச்டிஎம்ஐ–விஜிஏ மாற்றி ஒன்றை அன்றே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.