பழைய சிட்டி ஆட்டோமேட்டிக்கில் டிடபிள்யூ-1 ஏடிஎஃப்: மூன்று முறை இறக்கி ஏற்றிய பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கியர்பாக்ஸைக் கழற்றிப் பிரிக்க வேண்டும், ஒன்றேகால் லட்சம் ஆகும் என்று ஒரு பட்டறையில் எழுதிக் கொடுத்த என் 2011 ஹோண்டா சிட்டி, எட்டு லிட்டர் ஏடிஎஃப் (ஹோண்டாவின் டிடபிள்யூ-1 என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) வாங்கி மாற்றிய பிறகு நன்றாக ஓடுகிறது. ஆயில், வாஷர், கூலி எல்லாம் சேர்த்துப் பத்தாயிரத்துக்குள் முடிந்தது. எல்லா வண்டிக்கும் இப்படி நடக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் பழைய ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் லட்ச ரூபாய் எஸ்டிமேட்டுக்குத் தலையாட்டுவதற்கு முன் இதைச் செய்து பார்க்கலாம்.

வண்டி செகண்ட் ஹேண்டில் 60,000 கிலோமீட்டரில் வாங்கியது. 1.5 ஐ-விடெக், ஐந்து கியர் ஆட்டோமேட்டிக், ஸ்டீயரிங்கில் பேடில் ஷிஃப்ட் இருக்கும் மாடல். சர்வீஸ் புத்தகத்தில் எஞ்சின் ஆயில் மாற்றிய பதிவெல்லாம் ஒழுங்காக இருக்கிறது, கியர்பாக்ஸ் ஆயிலைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் கேட்டபோதும் "அது லைஃப்டைம் ஆயில் சார், தொட வேண்டாம்" என்று ஓர் இடத்தில் சொன்னார்கள், நானும் விட்டுவிட்டேன். 1,18,000 வரை அதே ஆயில்தான் ஓடியிருக்கிறது. வண்டியின் மேல் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, கவனிக்காமல் விட்டது நான்தான்.

கோளாறு மெதுவாகத்தான் ஆரம்பித்தது. காலையில் ஸ்டார்ட் செய்து ரிவர்ஸில் வெளியே எடுத்து டி-யில் போட்டால் உடனே பிடிக்காது. மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணினால் 'டொக்' என்று ஒரு அடி, அப்புறம்தான் நகரும். இரண்டிலிருந்து மூன்றாவது கியருக்குப் போகும் இடத்தில் ஆர்பிஎம் முள் மட்டும் ஜிவ்வென்று ஏறும், வண்டி வேகம் எடுக்காது, பிறகு யாரோ முதுகில் தள்ளியதுபோல் கியர் விழும். கோவையில் பல சிக்னல்களை எடுத்துவிட்டு யூ-டர்ன் வைத்த பிறகு, வண்டி முழுதாக நிற்காமல் உருண்டுகொண்டே போய்ச் சேரும்போது இந்த இரண்டு-மூன்று சண்டை திரும்பத் திரும்ப வரும், பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும்போது வண்டி ஒரு நொடி பிடிப்பில்லாமல் நிற்பது பயமாகவே இருந்தது. இது போக, ஐம்பது அறுபது வேகத்தில் லேசாக மிதித்தால் வரிசையாகச் சின்னச் சின்ன வேகத்தடை மேல் போவதுபோல் ஒரு நடுக்கம்.

எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் சிங்காநல்லூர் பக்கம் சின்ன ஷெட் வைத்திருக்கிறார். எஸ்டிமேட்டைக் காட்டினேன். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "எதுக்குங்ணா உடனே பிரிக்கறது, மொதல்ல ஆயில எறக்கி மேக்னட்டப் பாத்துரலாமுங்க, அதுவே பாதி சொல்லிரும்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவருக்கு நான் நன்றி சொல்லிக்கொண்டே இருக்கலாம்.

அவர் சொன்னதில் அர்த்தம் இருக்கிறது. எஞ்சினில் ஆயிலின் முக்கிய வேலை தேய்மானத்தைக் குறைப்பது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் அது போக இன்னும் பல வேலை: டார்க் கன்வெர்ட்டரில் எஞ்சினின் பலத்தைச் சக்கரத்துக்குக் கடத்துவதே அந்த ஆயில்தான், கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும் அதன் அழுத்தம்தான், சூட்டை வெளியே கொண்டு போவதும் அதுதான். கிளட்ச் எவ்வளவு வழுக்க வேண்டும், எந்த நேரத்தில் பிடிக்க வேண்டும் என்பதைக்கூட ஆயிலில் கலந்திருக்கும் ரசாயனம்தான் தீர்மானிக்கிறது. (அந்தக் காலத்தில் அமெரிக்காவில் இதற்குத் திமிங்கில எண்ணெய் கலந்தார்கள், 1970களின் தொடக்கத்தில் அதைத் தடை செய்த பிறகு மாற்றுக்கு நிறையத் திண்டாடினார்கள்.) வருடக்கணக்கான சூட்டில் அந்த ரசாயனம் தேய்ந்து போகும், ஆயில் நீர்த்துப் போகும். அதனால் நடுக்கம், தாமதம், ஜெர்க். லைஃப்டைம் என்ற வார்த்தையை நம்பியிருப்பவர்களுக்கு ஒரு தகவல்: பிஎம்டபிள்யூ போன்ற கார்களுக்கு கியர்பாக்ஸ் செய்து தரும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது.

வேலை நாள். இந்த கியர்பாக்ஸில் ஆயிலை இறக்கும் ட்ரெயின் போல்ட்டின் தலையில் சதுரக் குழி இருக்கும், ராட்செட்டின் மூக்கே நேராக அதில் போய் உட்காரும். கழற்றியதும் கீழே வைத்த தட்டில் விழுந்தது சிவப்பாகவே இல்லை. ஆறிப்போன கட்டங்காப்பி நிறம். விரலில் தொட்டு முகர்ந்தேன், பழைய வாசம் இருந்தது, ஆனால் கருகிய வாடை இல்லை. போல்ட்டின் முனையில் மேக்னட், அதன் மேல் கறுஞ்சாம்பல் நிறத்தில் பசைபோல ஒரு குவியல், கிட்டத்தட்ட ஒரு கோலிக்குண்டு அளவுக்கு. அவர் அதை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார், என் விரலிலும் வைத்தார். மை மாதிரி வழுவழுவென்று இருந்தது, நறநறப்பு இல்லை. இதுதான் பார்க்க வேண்டிய இடம். இந்த மையான பசை சாதாரணத் தேய்மானம், எல்லா வண்டியிலும் வரும். அதில் ஊசி மாதிரி, செதில் மாதிரி இரும்புத் துண்டு வந்தால் விஷயம் வேறு.

ஒரு முறை இறக்கினால் வருவது இரண்டரை லிட்டருக்குள்தான், அதே அளவு அல்லது அதற்கு மேலேயே உள்ளே டார்க் கன்வெர்ட்டரில் தங்கிவிடும். அதனால்தான் மூன்று முறை. முதல் முறை பாதி புதுசாகும், அடுத்த முறை முக்கால், மூன்றாவதில் இன்னும் கொஞ்சம் மேலே. ஒவ்வொரு முறைக்கும் நடுவில் நாங்கள் 300 கிலோமீட்டர் விட்டோம், எல்லா கியரிலும் ஓட வேண்டும் என்பதற்காக ஒருமுறை பைபாஸிலும் போய் வந்தேன். வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள், பழையதைப் போட்டால் கசியும்.

மெஷின் வைத்து ஃப்ளஷ் செய்வதை அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை, நானும் இப்போது அதே கட்சி. பத்துப் பன்னிரண்டு வருட அழுக்கை ஒரே நாளில் அழுத்தம் கொடுத்துக் கிளப்பினால் அது வால்வ் பாடியின் (கியர் மாற ஆயிலைத் திருப்பிவிடும் பகுதி) சின்ன ஓட்டைகளில் போய் உட்கார வாய்ப்பு இருக்கிறது. 'பழைய வண்டியில் ஆயிலை மாற்றினால் கியர்பாக்ஸ் போய்விடும்' என்று ஊரெல்லாம் பேசுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இன்னொரு காரணம், கிளட்ச் முழுக்கத் தேய்ந்து வழுக்க ஆரம்பித்த பிறகுதான் பலர் ஆயிலைப் பற்றியே யோசிக்கிறார்கள், பழி புது ஆயில் மேல் விழுகிறது.

ஆயில் எப்படி? டிடபிள்யூ-1 என்பது ஹோண்டா தன் பழைய இசட்-1 ஆயிலுக்குப் பதிலாகக் கொண்டுவந்தது, அதைவிட மெலிசு. முதல் முறை மாற்றியதுமே நடுக்கம் பாதி குறைந்தது. இரண்டாவதில் டி-யில் போட்டால் பிடிக்கும் தாமதம் போய்விட்டது. இரண்டு-மூன்று எகிறல் மட்டும் மூன்றாவது முறைக்குப் பிறகும் ஒரு வாரம் அவ்வப்போது எட்டிப் பார்த்தது, பிறகு தானாக அடங்கியது. 'டொக்' என்ற அடி போகவில்லை. அது ஆயில் பிரச்சினையே இல்லை, எஞ்சின் மவுண்ட் ரப்பர் விட்டிருந்தது, தனியாக மாற்றினோம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் நல்ல கியர்பாக்ஸைப் பிரித்துவிடுவார்கள்.

வாங்கும்போது ஒன்றே ஒன்று கவனம். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் "சிவப்பா இருந்தா எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று ஒருவர் வேறு கேனை நீட்டினார். ஒன்று இல்லை. 2014-இல் வந்த சிட்டி ஆட்டோமேட்டிக் சிவிடி, அதாவது தனித்தனி கியருக்குப் பதிலாக பெல்ட்டில் ஓடுவது, அதற்கு எச்சிஎஃப்-2 என்ற வேறு ஆயில், அதில் டிடபிள்யூ-1 ஊற்றினால் உள்ளே இருக்கும் பெல்ட் கெட்டுப் போகும். செலிரியோ போன்ற ஏஎம்டி வண்டிகளில் இருப்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்சையும் கியரையும் மட்டும் அதுவே போட்டுக்கொள்ளும், அதற்கு ஏடிஎஃப் கதையே கிடையாது. ஓனர் மேனுவலைப் புரட்டி அதில் என்ன பெயர் இருக்கிறதோ அதை மட்டும் வாங்குங்கள்.

அளவு பார்ப்பதிலும் தப்பு நடக்கிறது. இந்த கியர்பாக்ஸில் வண்டி நன்றாகச் சூடான பிறகு, சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து ஒன்று ஒன்றரை நிமிடத்துக்குள் ஆயில் அளவு காட்டும் ஸ்டிக்கை எடுத்துப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது பார்க்கும் கார்களும் உண்டு, அந்தப் பழக்கத்தில் பார்த்தால் அளவு தப்பாகிவிடும். ஸ்டிக்கில் வருவது ரோஸ் மில்க் மாதிரி இருந்தால் கூலன்ட் கலந்துவிட்டது என்று அர்த்தம், அதற்கு மேல் ஓட்டாமல் டோ செய்துதான் கொண்டு போக வேண்டும்.

இதே வைத்தியத்தை என் மச்சான் காருக்கும் செய்தோம், பலிக்கவில்லை. அதில் ஆயில் கறுப்பாக, கருகிய வாடையோடு வந்தது, மேக்னட்டில் செதில் செதிலாக இரும்பு. புது ஆயில் ஊற்றியும் ரிவர்ஸ் பிடிக்கவே இல்லை, கடைசியில் பிரித்துத்தான் ஆனது. எரிந்துபோன கிளட்சுக்கு ஆயில் மருந்து இல்லை. ஆனால் அங்கேயும் அந்த மேக்னட்டைப் பார்த்ததால்தான் அவர் சந்தேகம் இல்லாமல் பெரிய செலவுக்குச் சம்மதித்தார்.

இப்போது என் வண்டியில் 1,27,400. போன ஞாயிறு நான்கு பேரோடு கோத்தகிரி ஏறி இறங்கினேன், இறக்கத்தில் பேடிலில் இரண்டாவது கியரைப் பிடித்துக்கொண்டே வந்தது, ஒரு இடத்திலும் வழுக்கல் இல்லை. வீட்டுக்கு வந்ததும் ஸ்டிக்கை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்தேன், சிவப்பு லேசாக மங்கியிருக்கிறது, வாடை இல்லை. அடுத்து 1,45,000-இல் ஒரே ஒரு முறை இறக்கி ஏற்றினால் போதும் என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார், கிலோமீட்டரை எழுதி டிரைவர் கதவுத் தூணில் ஒட்டிவிட்டேன்.