விண்டோஸ் 11: அழகுக்குக் குறைவில்லை, எந்த விண்டோவில் டைப் அடிக்கிறேன் என்பதை மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறது

லேப்டாப் திரையில் கோடு விழுந்து, பேனலை மாற்றியாயிற்று. போட்டுக் கொடுத்தது மலிவான பேனல். நிறம் வெளிறித்தான் இருக்கும், நேராக உட்கார்ந்து பார்த்தால் ஒரு வெள்ளை, கொஞ்சம் சாய்ந்தால் இன்னொரு வெள்ளை. அதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை, கொடுத்த காசுக்கு அதுதான் வரும். ஆனால் அந்தத் திரையில் விண்டோஸ் 11ஐப் பார்த்தபோது, சில வருஷமாக எனக்குள் அரித்துக்கொண்டிருந்த ஒரு எரிச்சலுக்குக் காரணம் சட்டென்று பிடிபட்டது. அதே வாரத்தில், இன்னும் விண்டோஸ் பத்திலேயே உட்கார்ந்திருக்கும் நண்பன் ஒருவன் போன் போட்டு, "ஏன்டா, பதினொன்னுக்குப் போயிடட்டுமா?" என்றான். அவனிடம் சொன்னதில் பாதி திட்டு. மீதியை நிதானமாக எழுதலாம் என்று பார்க்கிறேன், எவ்வளவு நிதானம் வரும் என்று தெரியவில்லை.

டாஸ்க்பார் நடுவில் இருப்பது, ஸ்டார்ட் மெனுவில் கேட்காமலே பரிந்துரை வருவது, ரைட் கிளிக் செய்தால் பாதி மெனு மட்டும் வருவது, இதையெல்லாம் எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள். நடு டாஸ்க்பாரை செட்டிங்ஸில் போய் இடது பக்கம் தள்ளிவிடலாம், ரைட் கிளிக்கின் பழைய மெனு வேண்டுமென்றால் ஷிப்டை அழுத்திக்கொண்டு கிளிக் செய்தால் போதும். பழகிவிடுகிறது. எனக்குப் பழகாத விஷயம் ஒன்றே ஒன்று. திரையில் நாலு விண்டோ திறந்திருந்தால், அதில் எது இப்போது உயிரோடு இருக்கிறது, நான் தட்டும் எழுத்து எதற்குள் போகும் என்பதைப் பார்த்தவுடன் சொல்ல முடியவில்லை.

எனக்கு வேலை மெய்ப்புத் திருத்துவது. இடது பக்கம் ஆசிரியர் அனுப்பிய மூலம், வலது பக்கம் திருத்திக்கொண்டிருக்கும் பிரதி, பின்னால் எங்கேயோ அகராதி திறந்த பிரவுசர், ஒரு ஓரத்தில் குறிப்பு எழுத நோட்பேட். எல்லாமே வெள்ளைத் தாள். மேலே இருக்கும் டைட்டில் பாரும் வெள்ளை, அல்லது வெள்ளைக்குப் பக்கத்துச் சாம்பல். மூலத்தில் கை பட்டு ஒரு எழுத்து போய்விட்டால் அது எனக்குச் சின்ன விஷயம் இல்லை, எந்தப் பிரதி சரியான பிரதி என்பதே கேள்வியாகிவிடும். அதனால் இந்த வேலையில் இருப்பவர்களுக்கு ஆக்டிவ் விண்டோ எது என்பது அலங்காரப் பிரச்சினை கிடையாது.

இது ஒன்றும் தீர்க்க முடியாத புதிரும் இல்லை. விண்டோஸ் 95இல் ஆக்டிவ் விண்டோவின் டைட்டில் பார் அடர்நீலம், மற்றதெல்லாம் சாம்பல். அறையின் அந்தக் கோடியில் நின்று பார்த்தாலும் தெரியும். 2001இல் வந்த எக்ஸ்பியை அதன் பளபள நீலத்துக்காகப் பொம்மைக் கடை என்று கேலி செய்தார்கள், ஆனால் பின்னால் போன விண்டோ அதிலும் வெளிறிப்போகும். விஸ்டாவும் ஏழும் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் சட்டத்தைக் கொண்டுவந்தன, அங்கேதான் முதலில் கொஞ்சம் குழப்பம் ஆரம்பித்தது, இருந்தாலும் சிவப்பு எக்ஸ் பட்டன் ஆக்டிவ் விண்டோவில் மட்டும்தான் சிவப்பாக இருக்கும் என்பதால் கண்ணுக்கு ஒரு பிடி இருந்தது. 2015 ஜூலையில் பத்து வந்தபோது எல்லாவற்றையும் வெள்ளையடித்துவிட்டார்கள். அந்த நவம்பரில் வந்த அப்டேட்டிலேயே வண்ண டைட்டில் பாரைத் திரும்பக் கொடுத்தார்கள். அப்புறம் 2021 அக்டோபரில் பதினொன்று வந்தது, தொடக்க நிலையில் பழையபடி வெளுப்பு.

நியாயமாகப் பேச வேண்டுமென்றால், பதினொன்றைச் செய்தவர்கள் இதைப் பற்றி யோசிக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. யோசித்திருக்கிறார்கள், அதுதான் இன்னும் கோபம். மைக்கா என்று ஒரு பூச்சு இருக்கிறது. டெஸ்க்டாப்பில் வைத்திருக்கும் வால்பேப்பரின் நிறத்தைக் கொஞ்சம் உறிஞ்சி விண்டோவின் பின்புலத்தில் லேசாகத் தடவும். ஆக்டிவாக இருக்கும்போது அந்தச் சாயல் இருக்கும், வேறு விண்டோவுக்குப் போய்விட்டால் சாயல் போய் வெறும் சாம்பலாகும். பழைய கண்ணாடி மாதிரி பின்னால் இருப்பதையெல்லாம் நொடிக்கு நொடி மங்கலாக்கிக் காட்டாமல் வால்பேப்பரை ஒரு தடவை மட்டும் எடுத்துக்கொள்வதால் மெஷினுக்கும் பாரம் இல்லை. கேட்கவே நன்றாக இருக்கிறது இல்லையா? நல்ல மானிட்டரில் பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கிறது. என் மலிவு பேனலில் அந்தச் சாயலும் சாம்பலும் ஒரே நிறம். இணையப் பக்கங்களின் அணுகல்தன்மைக்கு, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு வைத்திருக்கும் வழிகாட்டியில், ஒரு பட்டனின் நிலை போன்றவற்றைக் காட்டும் நிறத்துக்கும் பக்கத்து நிறத்துக்கும் குறைந்தது 3:1 ஒளி வேறுபாடு வேண்டும் (1:1 என்றால் வேறுபாடே இல்லை) என்று இருக்கிறது. அது இணையத்துக்கான கணக்குதான், சரி. ஆனால் இங்கே வெள்ளைக்கும் அந்தச் சாம்பலுக்கும் கணக்குப் போட்டால் 1.1ஐத் தாண்டுவதே பெரிய விஷயம்.

இன்னொன்றும் உண்டு. கரண்ட் போய், பேட்டரியும் இறங்கி, பேட்டரி சேவர் வந்துவிட்டால் இந்த மைக்கா தானாகவே அணைந்துவிடும். ஆக்டிவோ இல்லையோ எல்லாம் ஒரே சாம்பல். கரண்ட் இல்லாத மத்தியானத்தில், வெளிச்சத்தையும் குறைத்துக்கொண்டு அவசரமாக வேலையை முடிக்கப் பார்க்கும் நேரத்தில்தான் அடையாளமும் காணாமல் போகிறது.

இதோடு மவுஸ் வீலைச் சேர்த்துப் பாருங்கள். மவுஸ் எந்த விண்டோவின் மேல் நிற்கிறதோ, ஆக்டிவாக இல்லாவிட்டாலும் அதுதான் உருளும். பத்தில் வந்த வசதி, இப்போதும் தொடக்கத்திலேயே ஆன் ஆகித்தான் இருக்கிறது. நல்ல வசதி, நான் குறை சொல்லவே மாட்டேன், மூலத்தை உருட்டிக்கொண்டே பிரதியில் அடிக்க எனக்கு அதைவிட என்ன வேண்டும். ஆனால் விளைவு என்னவென்றால், வீல் ஒரு விண்டோவுக்கு, கீபோர்டு இன்னொரு விண்டோவுக்கு. கண் எப்போதும் உருளுகிற பக்கத்தோடுதான் போகும். இந்த நிலையில் எழுத்து எங்கே விழும் என்று சத்தமாகச் சொல்வது அமைப்பின் கடமை. அதுவோ காதோரம் கிசுகிசுக்கிறது. தமிழில் அடிப்பவர்களுக்கு இதில் இன்னொரு முடிச்சு: ஒவ்வொரு விண்டோவுக்கும் தனித்தனிக் கீபோர்டு வைத்துக்கொள்ளும் வசதியை ஆன் செய்திருந்தால், எந்த விண்டோ என்று தெரியாதவருக்கு இப்போது இருப்பது தமிழ்99ஆ ஆங்கிலமா என்பதும் தெரியாது. மூலையில் இருக்கும் சின்னக் குறியைப் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும்.

புத்தகம் எழுதிய ஒரு ரிட்டயர்டு வாத்தியார் எப்போதாவது பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு உட்காருவார், திருத்தங்களை வாயால் சொல்லுவார். கண்புரை ஆபரேஷன் முடிந்த கண். "தம்பி, இப்ப எதுல அடிக்கிறீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். முதலில் வயசு என்று நினைத்தேன். "இதுல சார், இந்த வலது பக்கம்" என்று நான் விரலால் தொட்டுக் காட்ட வேண்டியிருந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டது முழுக்க நியாயமான கேள்வி, அதற்கு விடை திரையில் இருந்திருக்க வேண்டும், என் விரலில் இல்லை.

சரி, என்னதான் வழி? செட்டிங்ஸில் பர்சனலைசேஷன், அதற்குள் கலர்ஸ், அதன் அடியில் டைட்டில் பாருக்கும் விண்டோ ஓரத்துக்கும் வண்ணம் கொடுக்க ஒரு சுவிட்ச் இருக்கிறது. போட்டேன். பழைய பாணிச் செயலிகள் சமர்த்தாக வண்ணம் பூசிக்கொள்கின்றன. புதுசுகளில் பல கேட்பதில்லை, ஏனென்றால் அவை தங்கள் டைட்டில் பாரைத் தாங்களே வரைந்துகொள்கின்றன: பிரவுசரில் அந்த இடம் முழுக்க டேப், எம்எஸ் ஆபிஸில் தேடுபெட்டி, நோட்பேடிலும் ஃபைல் எக்ஸ்ப்ளோரரிலும்கூட இப்போது டேப். பெயர் எழுதிய பட்டையே இல்லாமல் போன பிறகு எதற்கு வண்ணம் பூசுவது? விண்டோவைப் பிடித்து நகர்த்தவே காலி இடம் தேட வேண்டியிருக்கிறது. ஓரத்தில் மட்டும் தலைமுடி மாதிரி ஒரு வண்ணக்கோடு வரும்.

அடுத்து கான்ட்ராஸ்ட் தீம். டெசர்ட் என்று ஒன்று, இளமஞ்சள் பின்புலம், பார்வைக்கு மோசமில்லை. ஆக்டிவ் விண்டோ அதில் பளிச்சென்று தெரிகிறது, அதற்கென்றே செய்தது. ஆனால் அது வெப்சைட்டின் நிறங்களையும் மாற்றிவிடும், பக்க வடிவமைப்பாளர் அனுப்பும் அட்டையைப் பார்த்துக் கருத்து சொல்ல வேண்டிய ஆளுக்கு அது ஒத்துவராது. பார்வைக் குறைவு உள்ளவர்களுக்கு அது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஒரு கோடு அடர்த்தியாக வேண்டும் என்று கேட்டவனுக்கு மொத்த வீட்டையும் இடித்துக் கட்ட வேண்டியதில்லை அல்லவா.

அப்புறம் வால்பேப்பர் தந்திரம். மைக்கா வால்பேப்பரிலிருந்துதானே நிறம் எடுக்கிறது, அப்படியென்றால் கொடு நல்ல காட்டமான நிறத்தை என்று முழுச் சிவப்புப் படம் ஒன்றை வைத்தேன். வேலை செய்தது. ஆக்டிவ் விண்டோ லேசாக ரோஸ் அடித்தது, இந்தப் பேனலிலும் தெரிந்தது. இவ்வளவு பெரிய நிறுவனத்தின் வடிவமைப்புக் குழு யோசித்துச் செய்த ஒரு விஷயத்தைக் கண்ணுக்குத் தெரிய வைக்க நான் டெஸ்க்டாப்பைச் சிவப்படிக்க வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் மினிமைஸ் செய்தால் கண் கூசும், அதனால் இப்போதெல்லாம் மினிமைஸ் செய்வதே இல்லை.

உண்மையில் உருப்படியாக உதவியது வேறு. ஆக்ஸசிபிலிட்டியில் டெக்ஸ்ட் கர்சர் என்று ஒரு பக்கம். எழுத்து விழும் இடத்தில் துடிக்கும் கோட்டுக்கு மேலும் கீழும் வண்ணக் குமிழ் ஒட்டிக்கொள்ளும், அளவையும் நிறத்தையும் நாமே வைத்துக்கொள்ளலாம், கோட்டையும் தடிமனாக்கலாம். பச்சையில் வைத்திருக்கிறேன். ஆக்டிவ் விண்டோவில் மட்டும்தான் அந்தக் கர்சர் துடிக்கும் என்பதால் கேள்விக்கு நேரான பதில் அதுதான். எல்லாச் செயலியிலும் வருவதில்லை, ஆனால் எனக்குத் தேவையான இடத்தில் வருகிறது. வாத்தியார் கேட்பதை நிறுத்திவிட்டார். அதே பக்கத்துக்குக் கிட்டே விஷுவல் எஃபெக்ட்ஸில், ஸ்க்ரோல் பாரை எப்போதும் காட்டு என்று ஒரு சுவிட்ச் உண்டு, அதையும் போட்டுவிடுங்கள். நல்ல வடிவமைப்பு முழுவதையும் ஆக்ஸசிபிலிட்டிக்குள் கொண்டுபோய் ஒளித்து வைத்துவிட்டு, முகப்பில் அழகை மட்டும் வைத்திருக்கிறார்கள்.

பாராட்ட வேண்டியதைப் பாராட்டாமல் விட்டால் பாவம். விண்டோக்களை அருகருகே ஒட்டும் ஸ்னாப் வசதி ஏழிலேயே வந்ததுதான், ஆனால் பதினொன்றில் மேக்ஸிமைஸ் பட்டன்மேல் மவுஸைக் கொண்டுபோனால் விரியும் அந்தக் கட்டப் படம் இருக்கிறதே, அதற்காகவே நான் பத்துக்குத் திரும்ப மாட்டேன். விண்டோஸ் விசையும் இசட்டும் அழுத்தினாலும் வரும். பெரிய மானிட்டரைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டினால் விண்டோக்கள் பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்துகொள்கின்றன. நிர்மலா எழுத்துருவில் தமிழ் ஃபைல் பெயர்கள் படிக்கச் சுகமாக இருக்கின்றன, முன்பு லதா எழுத்துருவில் சின்ன அளவில் படித்த அவஸ்தை எனக்கு நினைவிருக்கிறது. செட்டிங்ஸ் பக்கங்கள் ஓரளவு ஒழுங்காகிவிட்டன, பழைய கன்ட்ரோல் பேனல் இன்னும் பின்னால் உட்கார்ந்திருந்தாலும். உருண்ட மூலைகளும் எனக்குப் பிடிக்கும், சொன்னால் சிரிப்பார்கள்.

ஆனால் பாருங்கள், ஸ்னாப்தான் இந்தக் குறையை இன்னும் பெரிதாக்குகிறது. தனியாக மிதக்கும் விண்டோவுக்காவது மேலே கிடப்பது, நிழல் என்று ஏதாவது அடையாளம் இருக்கிறது. அருகருகே ஒட்டினால் எதுவும் எதற்கும் மேலே இல்லை, உருண்ட மூலையும் சதுரமாகிவிடும். நாலு விண்டோவைப் பக்கத்தில் பக்கத்தில் வை, வேலை சீக்கிரம் முடியும் என்று சொல்லிக்கொடுத்தவர்களே எது எதென்று காட்டும் விளக்கை அணைத்துவிட்டார்கள். மேக்கில் பின்னால் போன விண்டோவின் சிவப்பு, மஞ்சள், பச்சைப் பொட்டுகள் சாம்பலாகிவிடும். மூன்றே மூன்று பொட்டு. அந்த அளவுகூட இங்கே கிடையாது.

கருப்புத் தீமுக்குப் போனால் சரியாகும் என்று யாராவது வருவார்கள். போய்ப் பார்த்தாயிற்று. வெள்ளைக்குப் பதில் கருப்பு, அவ்வளவுதான்.

ஐந்துக்கு இரண்டு மதிப்பெண். இன்று இருக்கும் மனநிலைக்கு அதற்கு மேல் வராது, பேனல் மாற்றுவதற்கு முன்னால் கேட்டிருந்தால் நாலு கொடுத்திருப்பேன். நண்பனுக்கு என்ன சொன்னேன் என்றால், மாறிவிடு. பத்துக்கு ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது, நீட்டிப்பு வாங்கினாலும் அதிலிருந்து ஒரு வருஷம்தான், பதினொன்று கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப்பும் எட்டாம் தலைமுறை பிராசசரும் உன் மெஷினில் இருக்கிறது, அப்புறம் எதற்கு வெறும் பிடிவாதம். நிறுவி முடித்ததும் முதல் வேலையாக டெக்ஸ்ட் கர்சர் பக்கத்துக்குப் போ, இரண்டாவதாக டைட்டில் பார் வண்ணத்தைப் போடு, டாஸ்க்பாரை நடுவிலேயே விடுவதா இடது பக்கம் தள்ளுவதா என்பது உன் இஷ்டம். சிவப்பு வால்பேப்பர் படம் வேண்டுமென்றால் கேள், அனுப்பி வைக்கிறேன்.