டெப், ஸ்னாப், ஃபிளாட்பக், ஆப்இமேஜ்: டேட்டாவைத் தின்னாதது எது?

கல்முனையிலோ வாழைச்சேனையிலோ பழைய லப்டொப்பில் உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்) போட்டு, ஃபோன் ஹொட்ஸ்பொட்டில் காலம் தள்ளுபவருக்கு முதல் கேள்வி டேட்டாதான். பாதுகாப்பு, சுதந்திரம் எல்லாம் அப்புறம் பேசலாம். உபுண்டுவில் செயலி நிறுவ நான்கு பொதி வகைகள் உண்டு: டெப், ஸ்னாப், ஃபிளாட்பக், ஆப்இமேஜ். கல்யாண அட்டை வடிவமைக்க கிம்ப் என்ற படத்தொகுப்புச் செயலி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

சிக்கனத்தில் டெப்பை மிஞ்ச ஆளில்லை. தேவையான துணைக் கோப்புகள் கணினியில் ஏற்கெனவே இருந்தால் மறுபடி இறக்காது. ஆனால் உபுண்டு 24.04 தருவது கிம்ப் 2.10தான். 2025 மார்ச்சில் வந்த 3.0 வேண்டுமென்றால் வேறு வாசலைத் தட்ட வேண்டும்.

ஃபிளாட்பக்கில் அது கிடைக்கும். முதல் தடவைதான் வயிற்றைக் கலக்கும்: கிம்போடு சேர்த்து க்னோம் ரன்டைமும் (செயலிகள் ஓடத் தேவையான பொதுக் கோப்புகளின் தொகுப்பு) நூற்றுக்கணக்கான எம்பி இறங்கும். அடுத்து இங்க்ஸ்கேப் என்ற வரைகலைச் செயலி போட்டால், அதே பதிப்பு ரன்டைம் போதுமானால் செலவு குறைவு. கிரிட்டா என்ற ஓவியச் செயலி போட்டால், அதற்கு வேண்டிய கேடிஈ என்ற வேறு ரன்டைம் தனியாக வரும். ஒரே ஒரு செயலிக்காக ஃபிளாட்பக் பக்கம் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. மூன்று நான்கு என்றால் போகலாம்.

கைமாற்றிக் கொடுக்க, முழுச் செயலியும் ஒரே கோப்பாக வரும் ஆப்இமேஜ்தான். மட்டக்களப்பில் ஃபைபர் உள்ள நண்பர் ஒருவர் இறக்கினால் போதும், பென்ட்ரைவில் பொத்துவில் வரைக்கும் போகும். பென்ட்ரைவ் பெரும்பாலும் ஃபாட்32 என்ற கோப்பு முறையில் இருப்பதால், கோப்பைச் செயலியாக இயக்கும் அனுமதி கூடவே வராது. கணினிக்குப் பிரதி எடுத்தபின், கோப்பின் பண்புகளில் போய் அந்த அனுமதியைக் கொடுக்க வேண்டும். அப்படியும் திறக்காவிட்டால் பெரும்பாலும் ஆப்இமேஜுக்குத் தேவையான லிப்ஃபியூஸ்2 என்ற துணைக் கோப்பு இல்லாத குறைதான், 22.04இலிருந்து உபுண்டு அதைக் கூடவே தருவதில்லை. அதன் டெப்பையும் அதே பென்ட்ரைவில் போட்டுக் கொடுங்கள்.

ஸ்னாப்தான் என் பட்டியலில் கடைசி. நாளுக்கு நான்கு தடவை புதுப்பிப்பு தேடும். கிடைத்தால் உங்களைக் கேட்காமலே இறக்கும். மாறிய பகுதியை மட்டும் இறக்கும் வசதி உண்டு, நிறுத்திவைக்கலாம், இரவு டேட்டா நேரத்துக்குத் தள்ளியும் வைக்கலாம். ஆனால் இதெல்லாம் புதிதாக உபுண்டு போட்டவருக்கு யார் சொல்வது? பழைய பதிப்பையும் டிஸ்கில் வைத்திருக்கும் என்பது வேறு கதை.

இதில் மாட்டுவது பயர்பொக்ஸ். 22.04இலிருந்து அது ஸ்னாப்பாகவே வருகிறது. டெப் நிறுவும் ஆப்ட் கட்டளை வழியாக நிறுவினாலும் வந்து உட்காருவது ஸ்னாப்தான். 2024 ஜனவரியிலிருந்து பயர்பொக்ஸைத் தயாரிக்கும் மொசில்லா, தன் சொந்தக் களஞ்சியத்தில் (ஆப்ட் பொதிகளை இறக்கும் இணைய இடம்) டெப் தருகிறது. அதைச் சேர்த்து, முன்னுரிமையையும் அதற்கே கொடுத்துவிட்டால், பிரவுசர் எப்போது புதுப்பிப்பது என்பது உங்கள் கையில்.