பல்லியில் பிறந்த உடும்பு: பேல் மூனோடு ஏழு வருசத்துக்கு மேல்

பேல் மூன் என்கிற பிறவுசரை நானாகத் தேடிப் போகவில்லை. 2017 நவம்பரில் ஃபயர்பொக்ஸ் 57 வந்ததும், எக்ஸ்யூஎல் என்ற பழைய முறையில் எழுதிய நீட்சிகள், அதாவது பிறவுசரில் சேர்த்துப் போடும் சின்ன நிரல்கள், எல்லாம் அதோடு நின்றுபோயின. ஃபயர்பொக்ஸைச் செய்கிற மொசில்லா பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. அந்த நீட்சிகள் பிறவுசரின் குடல் வரைக்கும் கை விடக்கூடியவை. வேகத்துக்கும் பாதுகாப்புக்கும் இடைஞ்சல். ஆனால் எனக்கு டவுன்தெம்ஓல் என்ற டவுன்லோட் நீட்சி வேண்டும். இலங்கையில், மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில் ஒரு சின்னக் கொமினிகேசன் கடை வைத்திருக்கிறேன். ஏ எல், ஓ எல் பழைய வினாத்தாள்களை இறக்கிப் பிறிண்ட் எடுத்துக் கொடுப்பது அன்று பாதி வருமானம். டொங்கிள் லைன் பத்துத் தரம் அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து இறக்குகிற சாமான் அது ஒன்றுதான் என்னிடம் இருந்தது. டிசம்பரில் பேல் மூன் 27ஐப் போட்டேன். டவுன்தெம்ஓல் ஓடியது. அன்றிலிருந்து அந்த மேசைக் கொம்பியூட்டரில் அதை அழிக்கவில்லை.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஃபயர்பொக்ஸ் திறந்த மூலம். அதன் மூல நிரலை யாரும் எடுக்கலாம், மாற்றலாம். மாற்றியதை ஃபயர்பொக்ஸ் என்ற பெயரில் விடத்தான் முடியாது, பெயர் மொசில்லாவின் வணிகக் குறி. 2009 அக்டோபரில் பேல் மூன் தொடங்கியபோது அது பெரிய புதுமை இல்லை. அதே ஃபயர்பொக்ஸை வின்டோஸுக்கு இன்னும் வேகமாக ஓடும்படி தொகுத்து வேறு பெயரில் கொடுத்தார்கள். வழி பிரிந்தது பிறகுதான். 2014இல் ஃபயர்பொக்ஸ் 29 முகத்தை மாற்றியபோது இவர்கள் பழைய முகத்தோடு நின்றார்கள். 2016 ஜனவரியில், 26ஆம் பதிப்போடு, பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் உள் இயந்திரத்தையும் பிரித்தெடுத்துக் கோவானா என்று பெயர் வைத்தார்கள். மொசில்லாவின் இயந்திரத்தின் பெயர் கெக்கோ. கெக்கோ பல்லி, கோவானா அவுஸ்திரேலியாவில் உடும்புக்குச் சொல்லும் பெயர். எங்கள் பக்கத்து ஆளுக்கு உடும்பைப் பற்றி விளக்கத் தேவையில்லை. சுவரில் பிடித்தால் விடாது.

என்னிடம் இருப்பது கோர் டூ டுவோ, 2 ஜிபி றாம், வின்டோஸ் 7. குரோம் 2023 தொடக்கத்தில் வின்டோஸ் 7ஐக் கைவிட்டது. பேல் மூன் இன்னும் கைவிடவில்லை. இது ஒரே புரொசெஸில் ஓடுகிறது. மற்ற பெரிய பிறவுசர்கள் வேலையைப் பல புரொசெஸுக்குப் பிரித்துக் கொடுக்கின்றன, அதற்கு றாம் வேண்டும். நான் ஐந்தாறு டப்போடு நின்றுகொள்வதால் எனக்கு இது கட்டுபடியாகிறது. ஆனால் ஒரு டப் மூச்சுத் திணறினால் முழு ஜன்னலும் சேர்ந்து உறையும். வாடிக்கையாளர் பக்கத்தில் நிற்கும்போது அந்த அரை நிமிசம் நீளமாகத்தான் இருக்கும்.

ஏன் இதை விடவில்லை என்று கேட்டால் முதல் காரணம் றாம் இல்லை, லைவ் புக்மார்க். ஒரு செய்தித் தளத்தின் ஆர்எஸ்எஸ் ஓடையை, அதாவது தளம் புதிய தலைப்புகளைப் போட்டுக்கொண்டிருக்கும் பட்டியலை, புக்மார்க்காகச் சேர்த்தால், அந்தப் புக்மார்க்கை அமத்தியதும் புதிய தலைப்புகள் மட்டும் வரிசையாக விழும். படமில்லை, விளம்பரமில்லை, தானாக ஓடும் வீடியோ இல்லை. வேண்டிய தலைப்பை மட்டும் திறக்கலாம். ஃபயர்பொக்ஸ் 2018 டிசம்பரில், 64ஆம் பதிப்பில், இதை எடுத்துவிட்டது. பேல் மூனில் இன்றைக்கும் இருக்கிறது. என் கருவிப்பட்டையில் ஒன்பது ஓடைகள். காலையில் கடையைத் திறந்து தேத்தண்ணி ஆறுவதற்குள் ஒன்பதையும் பார்த்து முடிப்பேன். போகிற டேட்டா ஒரு போட்டோ அளவுக்கும் வராது.

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் வருவார், மரண அறிவித்தல் பார்க்க. பிள்ளைகள் இரண்டு பேரும் கனடாவில். "தம்பி, அந்த லிஸ்டை விரிச்சு விடு" என்பார். "இண்டைக்கு நம்மட ஆக்கள் ஒருத்தருமில்ல சேர்" என்றால்தான் கண்ணாடியைக் கழற்றுவார். அவருக்குப் பிறவுசர் என்றால் அந்த விரிகிற லிஸ்ட்தான்.

இன்னொன்று கீழே உள்ள நிலைப்பட்டை. மற்ற பிறவுசர்கள் அதைத் தூக்கிவிட்டன. இதில் ஜன்னலின் அடியில் ஒரு மெல்லிய கோடு மாதிரி நிற்கும்: மவுஸ் நிற்கும் இணைப்பு எங்கே போகிறது, பக்கம் எவ்வளவு இறங்கியது, டவுன்லோட் எந்த மட்டில் என்று. போலி இணைப்பை வட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டு வந்து "இதைத் திறந்து பாருங்க" என்பவர்களுக்கு, திறக்காமலே முகவரியைக் காட்டி விளங்கப்படுத்த இது போதும்.

தமிழ் எழுத்தில் ஒரு சின்ன வேலை செய்தேன். தெரிவுகளில் எழுத்துரு இருக்கும் இடத்தில் மேம்பட்டது என்பதைத் திறந்தால், எந்த மொழிக்கு எந்த எழுத்துரு என்று தனித்தனியே கேட்கும். அதில் தமிழைத் தெரிந்து, லதா என்ற எழுத்துருவுக்குப் பதில் ஒரு நோட்டோ எழுத்துருவை வைத்து, ஆகக்குறைந்த அளவை 15க்கு ஏற்றினேன். ஒருக்கால் செய்ததுதான், எத்தனையோ அப்டேட் போய்விட்டது, இன்னும் அப்படியே நிற்கிறது. யுனிகோட் இல்லாத பாமினி எழுத்துருவில் ஏற்றி வைத்த சில பழைய பக்கங்கள் மட்டும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். அதற்கு எந்தப் பிறவுசரும் பொறுப்பில்லை. பாமினி எழுத்துருவைக் கொம்பியூட்டரில் போட்டு அந்தப் பக்கத்துக்கு அதைக் கொடுத்தால்தான் வாசிக்கலாம்.

இனிக் கசப்பு.

கத்தாரில் இருக்கிற மகனோடு கதைக்க ஒரு மாமி வந்தா. ஃபோன் உடைந்துபோச்சாம், கொம்பியூட்டரில் வீடியோ கோல் போட்டுத் தரச் சொன்னா. நான் கமெரா வயரைக் கழற்றி மாட்டி, டிரைவரைத் திருப்பிப் போட்டு, அரை மணித்தியாலம் வேர்த்தேன். "என்ன மனே, புள்ள டியூட்டிக்குப் போகப்போறான்" என்று மாமி சொன்ன பிறகுதான் மண்டையில் அடித்தது. பேல் மூனில் வெப்ஆர்டிசி இல்லை. அதாவது பிறவுசருக்குள்ளேயே கோல் எடுக்கும் ஏற்பாடு வேண்டுமென்றே சேர்க்கப்படவில்லை. அவர்கள் ஒளிக்கவில்லை, நான்தான் வாசிக்கவில்லை. வைட்வைன் என்ற நகல் தடுப்புப் பூட்டுப் போட்ட கட்டணப் படத் தளங்களும் அதே கதைதான். என் கடைக்கு அது தேவைப்படவில்லை.

படிவங்கள் வேறு தலையிடி. ஒரு விண்ணப்பத் தளத்தில் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டுச் சமர்ப்பி என்பதை அமத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. கொன்ட்ரோல், ஷிஃப்ட், ஜே மூன்றையும் சேர்த்து அமத்திப் பிழைப் பட்டியலைத் திறந்தேன். இலக்கணப் பிழை என்று ஒரே ஒரு சிவப்பு வரி. கேள்விக்குறியும் பக்கத்தில் ஒரு புள்ளியும். வலைப்பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் 2020இல் சேர்ந்த எழுத்து முறை அது. அன்று என்னிடம் இருந்த பதிப்புக்கு அது தெரியாது. தெரியாத ஒரு குறி வந்தால் பிறவுசர் அந்தக் கோப்பு முழுவதையும் ஓடாமல் விட்டுவிடும். இரண்டு எழுத்துக்காக மொத்தப் படிவமும் சடம். தளத்தைச் செய்தவர்கள் குரோமில் மட்டும் பார்த்திருப்பார்கள், பேல் மூன்காரரோ பின்னால் ஓடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இந்த ஓட்டம் முடியாது என்பது எனக்குத் தெளிவாகவே தெரியும்.

இன்னொரு வகைத் தளம், பிறவுசரின் பெயரைப் பார்த்தே கதவைச் சாத்தும். அதற்கு மருந்து இருக்கிறது: தெரிவுகளில் ஃபயர்பொக்ஸ் மாதிரித் தன்னை அறிமுகப்படுத்தச் சொல்லலாம், ஒரு தளத்துக்கு மட்டும் வேறு பெயர் சொல்லவும் வைக்கலாம். பாதி இடங்களில் அதோடு கதவு திறக்கும்.

பேல் மூனைச் செய்பவர்கள் சின்னக் கூட்டம் என்பதன் விலையையும் பார்த்திருக்கிறேன். 2019 ஜூலையில், பழைய பதிப்புகளை வைத்திருந்த அவர்களின் காப்பகச் சேர்வருக்குள் யாரோ புகுந்து கோப்புகளில் கிருமி ஏற்றியதை அவர்களே அறிவித்தார்கள். நடப்புப் பதிப்பு தப்பியது, 27.6.2உம் அதற்கு முந்தியவையும் மாட்டின. என் பென்டிரைவில் கிடந்த பழைய கோப்பை எங்கிருந்து எடுத்தேன் என்று ஞாபகம் வரவில்லை, அழித்துவிட்டேன். 2022 மார்ச்சில் 30ஆம் பதிப்பை வெளியிட்டுத் திருப்பி வாங்கினார்கள்; மே மாதம் 31 வந்தது. அந்த மார்ச்சில் இங்கே பதின்மூன்று மணித்தியாலக் கரண்ட் வெட்டு. கடை பாதி நாள் பூட்டு. அதனால் எனக்கு அது வலிக்கவில்லை.

இப்போது நடைமுறை இப்படி. விண்ணப்பம், வங்கி, கோல் எல்லாம் மகளுடைய லெப்டொப்பில் உள்ள குரோமில். மேசைக் கொம்பியூட்டரில் பேல் மூன், வாசிக்க. யுபிளொக் ஒரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்சியின் பழைய வழிப் பதிப்பு அதில் ஏறுகிறது, விளம்பரமும் இல்லை. ஒரே பிறவுசரில் எல்லா வேலையும் முடிய வேண்டும் என்பவர்கள் இந்தப் பக்கம் வரவேண்டாம், வந்து என்னை ஏசவும் வேண்டாம்.

போன கிழமை ஒரு தம்பி வந்து மேசையைப் பார்த்துவிட்டு "என்ன அண்ணே, மியூசியமா?" என்றான். வாத்தியார் பக்கத்துக் கதிரையில் இருந்தார். திரும்பாமலே, "தம்பி, லிஸ்டை விரி" என்றார்.