என்ஜின் பிரேக் கைவிட்டால்: மூன்று வகைகள், மூன்று விதமான தேடல்

தென்னாப்பிரிக்காவின் ஜொகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, டர்பன் கடலோரத்தில். புனித வெள்ளித் திருவிழாவுக்கு டர்பனை ஒட்டிய மவுண்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் கோயிலை நோக்கி ஜொகன்னஸ்பர்க் அருகே லெனேசியாவிலிருந்து மோட்டார்ஹோமில் (படுக்கை, சமையலறை கொண்ட வீட்டு வண்டியில்) கிளம்பும் குடும்பம் அந்த உயரம் முழுவதையும் என்3 நெடுஞ்சாலையில் இறங்கித்தான் ஆக வேண்டும். வான் ரீனன் கணவாயிலும், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கை ஒட்டிய டவுன் ஹில்லிலும் வண்டியின் எடையே வண்டியைத் தள்ளும். சக்கரப் பிரேக்கை மட்டும் நம்பினால் டிரம் சூடேறிப் பிடிப்பு விட்டுப்போகும். 2013 செப்டம்பரில் பைன்டவுன் அருகே ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் கனரக லாரி ஒன்று மினிபஸ் டாக்சிகள் மீது மோதி 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததை டர்பன்வாசிகள் மறக்கவில்லை. சக்கரப் பிரேக்குக்குத் துணையாக என்ஜினைக் கொண்டே வேகத்தை அடக்குவது என்ஜின் பிரேக். அது வேலை செய்யவில்லை என்று தெரிந்தும் "போய் வந்து பார்த்துக்கொள்ளலாம்" என்று கிளம்புவதை என்னால் ஏற்க முடியாது.

டீசல் மோட்டார்ஹோம்களில் பெரும்பாலும் மூன்று வகை என்ஜின் பிரேக்குகள் இருக்கின்றன. புகைக்குழாயைத் தட்டால் அடைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் ஒன்று. என்ஜினுக்குள்ளேயே எக்ஸாஸ்ட் வால்வைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றும் கம்ப்ரஷன் பிரேக் இன்னொன்று. புகையின் விசையால் சுழன்று என்ஜினுக்குள் காற்றைத் தள்ளும் டர்போவின் வாயைக் குறுக்கி எதிரழுத்தம் உண்டாக்கும் டர்போ பிரேக் மூன்றாவது. எது அதிக வலிமை என்பதை விற்பனையாளரே சொல்லிவிடுவார். பழுதானால் எது எப்படிக் காட்டிக்கொடுக்கிறது, வீட்டு வாசலில் வைத்தே எதைக் கண்டுபிடிக்க முடிகிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

எந்த வகையாக இருந்தாலும் முதலில் பிரேக்கைத் தொடாதீர்கள். அதற்குக் கட்டளை போகிறதா என்று பாருங்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் முழுதும் எடுபட்டிருக்க வேண்டும். கிளட்ச் மிதி மேலே இருக்க வேண்டும். என்ஜின் சுற்று மிகவும் குறைந்திருக்கக் கூடாது. இதில் ஒன்று தவறினாலும் பிரேக் வராது. மிதிகளுக்கு அடியிலிருக்கும் சிறிய சுவிட்சு இடம் நகர்ந்திருந்தால், கால் எடுத்த பிறகும் வண்டி அதை அறியாது. ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் டார்க் கன்வர்ட்டர் (என்ஜினைக் கியர்பெட்டியோடு இணைக்கும் பாகம்) பூட்டிக்கொள்ளாவிட்டால் பிரேக் சரியாக இருந்தும் வேகம் குறைவது தெரியாது. சக்கரம் வழுக்குவதாக ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) நினைத்தாலும் என்ஜின் பிரேக்கை விலக்கிவிடும். ஃபியூஸ், ரிலே பற்றிச் சொல்லத் தேவையில்லை.

கட்டளை போயும் பலனில்லை என்றால்தான் வகை பார்க்க வேண்டும். ஜப்பானிய லாரியின் அடிச்சட்டத்தின் (சேசிஸ்) மேல் கட்டிய வண்டிகளில் இருப்பது அநேகமாக எக்ஸாஸ்ட் பிரேக்தான். அதன் எதிரி, ஓடாமல் நிற்பது. கோயில் விழாவுக்கும் டிசம்பர் விடுமுறைக்கும் மட்டும் வெளியே வரும் வண்டி, மற்ற மாதங்களில் டர்பனின் உப்புக்காற்றில் நிற்கிறது. தட்டின் அச்சில் கரியும் துருவும் சேர்ந்து இறுகிவிடுகின்றன. இதைக் கண்டுபிடிக்கும் முறை எளிமையானது. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, என்ஜினை அணைத்து ஆறவிட்டு, பிரேக்கின் வெற்றிடக் குழாயைக் கழற்றி அதில் கைப்பம்பை மாட்டி இழுக்க வேண்டும். டர்பனின் சாட்ஸ்வர்த்தில் ஒரு வீட்டு வாசலில் இதைப் பார்த்திருக்கிறேன். "மாமா, நெம்புகோல் அசைகிறதா?" என்று பம்பைப் பிடித்திருந்த இளைஞர் கேட்க, அடியில் படுத்திருந்தவர் "பாதி வழியில் நின்றுவிட்டது, தம்பி" என்றார். தட்டு இறுகியிருக்கிறது என்று அத்துடன் முடிவாகிவிட்டது. நெம்புகோல் முழுதாக அசைந்திருந்தால் குற்றம் வெடித்த ரப்பர் குழாயிலோ மின்சாரத்தால் திறந்து மூடும் சொலினாய்டு வால்விலோ இருந்திருக்கும். பம்பின் முள் நிற்காமல் இறங்கினால் பிரேக்கை இயக்கும் ரப்பர் சவ்வான டயாபிரம் கிழிந்திருக்கிறது. காற்றழுத்தத்தால் இயங்கும் வகையில் கைப்பம்புக்குப் பதில் கம்ப்ரசர் காற்று கொடுத்துப் பார்க்கலாம். இறுகிய அச்சுக்குத் துரு இளக்கும் எண்ணெய் விட்டு மெல்ல அசைக்க வேண்டும். என்ஜின் ஆயிலை ஊற்றினால் சூட்டில் கருகி முன்பைவிடக் கெட்டியாகும். தட்டு மூடிய நிலையில் இறுகிவிட்டால் வண்டி இழுக்காது. அதை யாரும் தவறவிட மாட்டார்கள். திறந்த நிலையில் இறுகினால்தான் ஆபத்து. இறக்கம் வரும்வரை எந்த அறிகுறியும் இராது.

கம்ப்ரஷன் பிரேக் பிறந்ததே ஓர் இறக்கத்தால்தான். 1931-இல் கலிஃபோர்னியாவின் கஹோன் கணவாயில் பிரேக் கைவிட்ட லாரியில் உயிர் தப்பிய கிளெஸ்ஸி கம்மின்ஸ் பிற்காலத்தில் உருவாக்கியது அது. 1961-இல் ஜேக்கப்ஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. கனமான வண்டிக்கு இதற்கு நிகர் இல்லை. என்ஜின் ஆயிலிலேயே குளித்துக்கொண்டிருப்பதால் உப்புக்காற்று அண்டாது. ஆனால் அந்த ஆயிலின் அழுத்தத்தால்தான் வால்வு திறக்கிறது என்பதால், ஆயில் குறைந்தாலும் சூடேறாவிட்டாலும் பிரேக் தளரும். பெரும்பாலும் இது ஒரேயடியாகப் போவதில்லை. சிலிண்டர்கள் இரண்டு மூன்று தொகுதிகளாகப் பிரிந்திருப்பதால், ஒரு சொலினாய்டு போனால் அந்தப் பங்கு மட்டும் குறையும். வழக்கமான உறுமலில் ஒரு சீரின்மை கேட்கும். காது கொடுத்து ஓட்டுபவர் இதைப் பிடித்துவிடுவார். அதற்கு மேல், ஆயில் அளவு பார்ப்பதைத் தவிர வாசலில் செய்ய ஒன்றுமில்லை. வால்வு மூடியைத் திறப்பதும் இடைவெளி சரிசெய்வதும் பட்டறை வேலை.

டர்போ பிரேக் ஏற்றத்திலேயே எச்சரித்துவிடுகிறது. இழுவைக்கும் பிரேக்குக்கும் டர்போவின் ஒரே அசையும் பாகம்தான் என்பதால், கரி படிந்து அது சிக்கும்போது மலை ஏறுகையிலேயே வண்டி திணறும். எச்சரிக்கை விளக்கும் எரியலாம். அந்த அறிகுறியோடு இறக்கத்தில் இறங்கக் கூடாது. வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் இல்லாமல் இதில் தேடுவது வீண். டர்போவை அசைக்கும் மின்கருவியை மாற்றினால் அளவுதிருத்தமும் செய்தாக வேண்டும். செலவில் மூன்றிலும் அதிகம் கடிப்பது இதுதான்.

ஆண்டில் சில வாரங்களே ஓடும் நடுத்தர எடை வண்டிக்கு என் தேர்வு எக்ஸாஸ்ட் பிரேக். வலிமை குறைவுதான், இருந்தாலும் கிளம்புவதற்கு முந்தைய நாள் உரிமையாளரே கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொள்ள முடிகிறது. பெரிய பஸ் அளவு வண்டி, பின்னால் காரையும் இழுக்கிறது என்றால் கம்ப்ரஷன் பிரேக்கைத் தவிர வேறெதையும் சொல்ல மாட்டேன். மாதம் தவறாமல் நெடுந்தூரம் ஓடுபவருக்கு டர்போ பிரேக் போதும்; ஓட்டமே அதில் கரி சேரவிடாது. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் சமதளத்தில் ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டாம். விற்பவரை டவுன் ஹில் வரை அழைத்துச் செல்லுங்கள். உச்சியிலேயே கியரைக் குறைத்துவிட்டு, என்ஜின் பிரேக்கைப் போட்டும் எடுத்தும் வித்தியாசத்தை உணருங்கள்.